இருபத்துமூன்றாம் கட்டம்

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் அவளுக்கு எதுக்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி அதற்கு வேலை இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே, "எல்லாத்தையும் எதுக்கு மூணு பிரதி எடுக்கறோம்? மூணாவது பிரதி யாருக்குப் போகுது?" என்று கேட்டுவிட்டாள். அது யாருக்கும் போகவில்லை, அலமாரிக்குத்தான் போகிறது என்று தெரிந்தபோது பிரிவே ஒரு நாள் முழுக்கச் சங்கடப்பட்டது. அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் எதுக்கக்காதான். கண்காணிப்பாளர் மட்டும் தன் பதவியின் கௌரவத்தை உத்தேசித்து "எதுக்கம்மா" என்பார்.

விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் அந்தப் பிரிவில் மூச்சுவிட நேரமிருக்காது. இளநிலைப் படிப்புக்கு இடங்கள் ஆயிரத்து எண்ணூறு. வந்து குவிவதோ பதினோராயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள், அத்தனையும் தாளில். கணினிக்கு மாற்றிவிடுவதாகக் கணினிப் பிரிவு நான்கு வருடமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இருபத்தாறு கட்டங்கள். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று வாலாக இணைப்புகள் வேறு. எல்லாம் சரியென்றால் மூலையில் பச்சை மையில் ஒரு கோடு. ஒன்று பிசகினாலும் சிவப்பு. சிவப்பு வாங்கியவருக்குக் குறையைச் சொல்லி ஒரு கடிதம் போகும். குறித்த தேதிக்குள் திருத்தி அனுப்பினால் பிழைத்தார். இல்லாவிட்டால் விண்ணப்பம் கீழ் அலமாரிக்குப் போய்விடும். அங்கே போனது மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சிவப்புக் கோட்டுக்குப் பஞ்சமே இருக்காது. பிறந்த தேதி என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் இந்த வருடத்தையே எழுதி, நான்கு மாதக் குழந்தை ஒன்று வேதியியல் படிக்க விண்ணப்பித்திருந்தது. ஒருவன் தன் படத்துக்குப் பதிலாக அப்பாவின் படத்தை ஒட்டியிருந்தான். அப்பா படத்தில் நன்றாகவே இருந்தார். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் ஒரு பெண், "கோபப்படுவது" என்று எழுதி, பிறகு மனசாட்சி உறுத்தி அடித்துவிட்டு, "மின்வாரியம்" என்று மாற்றியிருந்தாள். எதுக்கக்காவுக்கு இந்த வேலை பிடித்ததற்கே இதுதான் காரணம். ஊரார் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

அந்தப் புதன்கிழமை காலையில் அவள் மேசைக்கு ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. கணிதம் கேட்டிருந்த பெண். மதிப்பெண்களைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுக்கலாம். போன வாரம் இவள்தான் அதற்குச் சிவப்புக் கோடு போட்டுக் கடிதம் அனுப்பியிருந்தாள். குறை இருபத்துமூன்றாம் கட்டத்தில். 'எழுதும் கை: வலது, இடது' என்று கேட்டு, இரண்டுக்கும் பக்கத்தில் குட்டிக் குட்டியாகச் சதுரம் இருக்கும். இந்தப் பெண் இரண்டு சதுரத்திலும் டிக் அடித்திருந்தாள். விதிப்படி இரண்டு டிக் என்றால் பதிலே இல்லை என்று அர்த்தம்.

திரும்பி வந்ததில் ஒரு திருத்தமும் இல்லை. கூடவே ஒரு கடிதம் மட்டும் இருந்தது.

"23ஆம் கட்டத்தில் தவறு ஏதும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் சொற்களை வலது கையாலும் எண்களை இடது கையாலும் எழுதுகிறேன். ஆகவே இரண்டும் சரி."

எதுக்கக்கா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. தேதியும், அந்த 23-உம், விண்ணப்ப எண்ணும் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒரே தாளில் இரண்டு பேர் எழுதிய மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள், "அட, ஆமா!" என்று சொல்லிவிட்டுத் தன் குவியலுக்குத் திரும்பிவிட்டாள். எதுக்கக்காவால் அப்படித் திரும்ப முடியவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனாள். ஆள் கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உலகத்தில் நடந்தால் உலகத்தைத்தான் சந்தேகப்படுவார்.

"சார், இந்தப் பொண்ணு நெஜத்தைத்தான் சொல்லியிருக்கு."

"இருக்கலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு பதில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திருத்தலைன்னா கீழ் அலமாரி."

"எந்தக் கையில எழுதினா நமக்கு என்ன சார்? அதை எதுக்குக் கேக்கறோம்?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேக்கச் சொல்லியிருக்கு, கேக்கறோம். ஒம்பதாம் விதியைப் படிங்க எதுக்கம்மா. ஒரு கட்டத்தை எந்தப் பிரிவு கேட்டுச்சோ, அந்தப் பிரிவு எழுத்துமூலமா 'இந்தப் பதில் போதும்'னு சொன்னா, குறை நீங்கும். அதைக் கொண்டாங்க, நான் பச்சைக் கோடு போடறேன்."

"எந்தப் பிரிவு சார் இதைக் கேட்டுச்சு?"

"அது..." என்று தொடங்கியவர் மின்விசிறியைப் பார்த்தார். "தேர்வுப் பிரிவா இருக்கும்."

இவ்வளவு சுற்றுவானேன், அந்தப் பெண்ணையே கூப்பிட்டு ஒரு டிக்கை அடித்து நீக்கச் சொன்னால் தீர்ந்தது என்று எதுக்கக்காவுக்குத் தோன்றியது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணைச் சுழற்றினாள். ஒரு மருந்துக்கடையில் மணி அடித்தது. அந்தப் பெண் அங்கேதான் பகலில் வேலை பார்க்கிறாளாம்.

"யுனிவர்சிடியிலேர்ந்து பேசறேம்மா. இருபத்துமூணாம் கட்டத்துல ஏதாவது ஒண்ணை மட்டும் வெச்சுக்கோ. நாளைக்கே வந்து ஒரு டிக்கை அடிச்சிட்டு, பக்கத்துல ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

"எதை மேடம் அடிக்கறது?"

"எதை வேணும்னாலும் அடி."

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அந்தப் பெண் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மேடம், கடைசிப் பக்கத்துல உறுதிமொழி இருக்கு. 'மேலே சொன்னதில் ஏதேனும் பொய் என்று தெரிந்தால் படிப்பின் எந்த நிலையிலும் சேர்க்கை ரத்து'ன்னு. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு வருஷம் படிச்சப்புறம் யாராவது பார்த்து, 'நீ இடது கையில எழுதறியே, வலதுன்னு சொன்னியே'ன்னு கேட்டா?"

"அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மா."

"யாரும் பார்க்க மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு மேடம் கேக்கறீங்க?"

எதுக்கக்காவை அவள் பாஷையிலேயே மடக்க இத்தனை வருடத்தில் ஒரு ஆள் வந்ததில்லை. "சரி, அடுத்த வருஷமாவது..." என்று இழுத்தாள்.

"அடுத்த வருஷம் முடியாது மேடம். மார்க் ஷீட் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. போன வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாம என் நாளெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போயிடுச்சு, அப்ளிகேஷனே போடல. இது போச்சுன்னா ஸ்கூல் பரீட்சையைத் திரும்ப முதல்லேர்ந்து எழுதணும்." குரலில் அழுகை இல்லை, சரக்கு இருப்பைச் சொல்வது மாதிரி சொன்னாள். அது எதுக்கக்காவை இன்னும் படுத்தியது. "நான் பொய் சொல்லலியே மேடம்" என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனுக்குத்தான் மண்டகப்படி. அவர் தையற்காரர். முன்னறையில் தையல் இயந்திரம், உள்ளே குடும்பம் என்று வாழ்கிற வீடு. அவர் ஒரு சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருக்க, இவள் எதிரே உட்கார்ந்து மொத்தக் கதையையும் கொட்டினாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்றார் அவர். ஆனாலும் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு யோசித்தார். "உடம்பைப் பத்திக் கேக்கறவன் ரெண்டே பேர்தான். ஒண்ணு டாக்டரு, இல்லேன்னா என்னை மாதிரி ஏதாவது செஞ்சு குடுக்கறவன். எனக்கு ஒருத்தர் எந்தக் கைக்காரர்னு தெரிஞ்சாத்தான் கடிகாரம் வர்ற பக்கம் மணிக்கட்டை லூசா வெட்ட முடியும். உங்க யுனிவர்சிடியில எவனாவது சட்டை தெக்கறானா?"

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க" என்றாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை அவள் மதியச் சாப்பாட்டையே மறந்தாள். தேர்வுப் பிரிவில் இருந்த சிநேகிதி, "எந்தக் கையா? எங்களுக்கு விடைத்தாள் வந்தாப் போதும்டி, காலால எழுதினாக்கூடக் கவலையில்ல" என்று சிரித்தாள். மருத்துவ அறையில் இருந்த செவிலி, தங்களுக்கு இரத்த வகை போதும் என்றாள். நூலகத்தில் அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது என்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கேட்டவர் யாரென்றே தெரியாமல் வருடா வருடம் பதினோராயிரம் பேரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பி வருகிற வழியில் இரண்டாமாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கதவோரம் ஒரு நிமிடம் நின்றாள். கூடம் முழுக்க வலப்பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலிகள். நடுவரிசையில் ஒருவன் உடம்பை முறுக்கிக்கொண்டு, ஏறக்குறையப் பக்கத்துப் பையனுக்கு முகத்தைக் காட்டியபடி எழுதினான். மேற்பார்வையாளர் அவன் தோளைத் தட்டி, "நேரா உக்காரு, பக்கத்துல என்ன பார்வை?" என்று அதட்டினார். அவன் நேராக உட்கார்ந்தான். இரண்டே நிமிடத்தில் மறுபடியும் முறுக்கிக்கொண்டான். இப்படிச் சில பிள்ளைகளை அவள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஒழுங்காக உட்காரத் தெரியாததுகள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். இன்றும் அப்படித்தான் போனாள்.

ஆவண அறையில் பழைய சுற்றறிக்கைகளை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். தும்மித் தும்மி ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தாள். நாலரை மணிக்கு, இருபது வருடத்துக்கு முந்தைய கட்டில், அப்போதைய பதிவாளர் கையெழுத்துப் போட்ட அரைப் பக்கம் கிடைத்தது. 'மரப்பட்டறையின் வேண்டுகோளுக்கிணங்க, இளநிலை விண்ணப்பத்தில் எழுதும் கை குறித்த கட்டம் ஒன்று சேர்க்கப்படுகிறது. சேர்க்கை முடிந்ததும் எண்ணிக்கையை ஒரு சீட்டில் மரப்பட்டறைக்கு அனுப்பவும்.'

மரப்பட்டறை! பல்கலைக்கழகத்தின் பிரிவுகள் அத்தனையும் அச்சிட்ட பட்டியல் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நாற்பத்தொரு பிரிவுகள். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். மரப்பட்டறை என்று ஒன்று அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகத் தபால் பிரிவுக்குப் போனாள். எந்தக் கடிதம் எந்த அறைக்குப் போகவேண்டும் என்பது அங்கே இருக்கிற தபால் அண்ணனுக்கு அத்துப்படி.

"மரப்பட்டறையா? அப்படி ஒரு பிரிவு இல்லம்மா. பதினோரு வருஷத்துக்கு முன்னால பேரை மாத்திட்டாங்க. இப்போ அது பராமரிப்பு அலகு நாலு."

"அப்போ சேர்க்கைப் பிரிவிலேர்ந்து மரப்பட்டறைக்கு வருஷா வருஷம் ஒரு சீட்டு வருமே, அது?"

"வந்துச்சு. பேரு மாறினப்புறமும் ஒரு தடவை வந்துச்சு. 'அப்படியொரு பிரிவு இல்லை'ன்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் வரல."

"அண்ணே, அந்தத் தச்சர் எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"ஏன் தெரியாம? தண்ணித் தொட்டிக்குப் பின்னால. தினமும் ஒண்ணா டீ குடிக்கறோம்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட குடுக்கல?"

தபால் அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளைத் தெரியும்மா. பிரிவு இல்லையே!"

எதுக்கக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே உடைந்த கதவுகள், கால் போன மேசைகள், தரை நிறையச் சுருள் சுருளாக மரச்சீவல். தச்சர் நடு வயதுக்காரர், காதில் பென்சில், வாயில் ஆணி. இவள் விஷயத்தைத் தொடங்கினதுமே ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சீட்டா? அந்தச் சீட்டு வந்து பதினோரு வருஷம் ஆச்சேம்மா!"

"நீங்கதான் அதைக் கேட்டீங்களா?"

"நான்தான். சேர்ந்த புதுசுல நாற்காலி ரிப்பேருக்குப் போவேன். கிளாஸ்ல ஒரு பொண்ணு தன் பலகையை விட்டுட்டுப் பக்கத்து நாற்காலியோட பலகையில நோட்டை வெச்சு எழுதிட்டிருந்துச்சு. கழுத்தைப் பார்த்தா எனக்கே வலிச்சுது. என்னம்மான்னு கேட்டேன். 'நான் இடதுகை, இதெல்லாம் வலதுகை நாற்காலி'ன்னுச்சு. பலகையை இந்தப் பக்கம் மாத்தி வெக்கறதுக்கு எனக்கு அரை நாள் வேலை. ஆனா எத்தனை வேணும்னு தெரியணுமே? பதிவாளர்கிட்ட போய் நின்னேன். நல்ல மனுஷன், விண்ணப்பத்துலயே கேட்டுடலாம்னுட்டார். வருஷா வருஷம் சீட்டு வரும், நானும் செஞ்சு அனுப்புவேன். அப்புறம் நின்னுபோச்சு."

"நின்னப்போ நீங்க கேக்கலியா?"

"என்னன்னு கேக்கறது? சீட்டு வரலைன்னா இடதுகைக்காரங்க யாரும் சேரலைன்னு நெனச்சேன்."

எதுக்கக்கா அவரையே பார்த்தாள். "பதினோரு வருஷமாவா?"

தச்சர் சங்கடத்துடன் கழுத்தைச் சொறிந்தார். "முதல் வருஷம் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வருஷம், ஒருவேளை இனிமே சேர்க்கறதில்லைன்னு சட்டம் போட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். பெரிய இடம், என்ன வேணும்னாலும் சட்டம் போடுவாங்க. பழசெல்லாம் உடைஞ்சப்போ வலதுகையாவே மாத்திட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு நேற்றைய தேர்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. முறுக்கிக்கொண்டு எழுதியவன், தோளில் விழுந்த தட்டு, அந்த அதட்டல். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் காப்பியடிக்கிறான் என்று பேர் வாங்கினார்களோ! அவர்கள் அத்தனை பேரும் இருபத்துமூன்றாம் கட்டத்தில் 'இடது' என்று ஒழுங்காக டிக் அடித்தவர்கள். அவள் கையாலேயே எத்தனை பேருக்குப் பச்சைக் கோடு போட்டிருப்பாள். சரியாக நிரப்பியிருக்கிறார்களா என்று பார்த்தாளே தவிர, என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணா, சீட்டு வந்திருக்கு, 'அப்படியொரு பிரிவு இல்லை'ன்னு தபால்லயே திருப்பிட்டாங்க. இப்போ ஒரு பொண்ணு ரெண்டு கையும்னு எழுதியிருக்கு. சொல்லெல்லாம் வலது, கணக்கெல்லாம் இடது. அதனால விண்ணப்பத்தைத் தள்ளப்போறாங்க. இன்னைக்கு அஞ்சு மணிதான் கெடு. கேட்ட பிரிவு 'இந்தப் பதில் போதும்'னு எழுதிக் குடுத்தா ஏத்துப்பாங்க. அந்தப் பிரிவு நீங்கதான்."

தச்சர் ஆணிகளைக் கீழே வைத்தார். எதிரே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து அதில் உட்கார்ந்து, வலது கையால் பலகையில் எழுதுவது போலச் செய்தார். பிறகு இடது கையால் செய்து பார்த்தார். முகம் மாறியது.

"அந்தப் பிள்ளைக்கு எந்த நாற்காலி போட்டாலும் பாதி நேரம்தான் சரியா இருக்கும். சும்மா டிக்கைப் பார்த்திருந்தா, 'ரெண்டு கையும் ஓடுது, எதுல வேணும்னாலும் உக்காரட்டும்'னு விட்டிருப்பேன். கணக்கு படிக்க வர்ற பிள்ளைக்குக் குறுக்க நீளமா ஒரே பலகையாப் போடணும். இதுவரைக்கும் செஞ்சதில்ல." எழுந்து அளவுநாடாவைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"அண்ணா, முதல்ல கடிதம்!"

பராமரிப்பு அலகு நான்குக்கு ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. பெயர் மாற்றினபோது கொடுத்தது; உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மைப்பெட்டி காய்ந்து ஓடாகியிருந்தது. தச்சர் யோசிக்காமல் மரத்துக்குப் பூசுகிற பழுப்புச் சாயத்தில் முத்திரையைத் தோய்த்து, தன் பென்சில் கையெழுத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். கொட்டகை முழுக்க வார்னிஷ் வாசனை அடித்தது. "நானும் வர்றேன். காகிதம் மட்டும் போனா அப்படியொரு பிரிவு இல்லைன்னு திருப்பிடுவீங்க" என்றார்.

கண்காணிப்பாளர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். பெயர் மாற்றின உத்தரவையும் ஆவண அறையில் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாலு மணி ஆகியிருந்தது. சுற்றறிக்கையைப் படித்தார், பெயர் மாற்றின உத்தரவைப் படித்தார். தன் மேசைக்கு எதிரே சட்டையெல்லாம் மரச்சீவலோடு நிற்கிற மனிதரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன மை?"

"சாயம் சார். அழியாது."

"சேர்க்கை சம்பந்தமா ஒரு முடிவு. இதை ஒரு... ஒரு பராமரிப்பு அலகு சொல்லி..." அவருக்கு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "நாளைக்குத் தணிக்கையில யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு கேள்விக்கு ரெண்டு பதிலை எப்படி ஏத்துக்கிட்டேன்னு சொல்றது?"

எதுக்கக்கா வாயைத் திறப்பதற்குள் தச்சர் சொன்னார். "கேள்வி என்னோடது சார். அந்தப் பதில் எனக்குப் புரிஞ்சுது. எனக்குப் போதும்."

குரலை உயர்த்தவும் இல்லை, குழையவும் இல்லை. பிரிவில் எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை எடுத்தார். ஒன்பதாம் விதியை, மனப்பாடம் என்றாலும், விரல் வைத்து ஒரு முறை படித்தார். அதில் பிரிவு என்றுதான் இருந்தது. பெரிய பிரிவு, சின்னப் பிரிவு என்று பேதம் எதுவும் போடவில்லை. எந்தப் புத்தகம் அந்தப் பெண்ணை வெளியே நிறுத்தியதோ அதே புத்தகம் இப்போது அவர் கையைப் பிடித்து இழுத்தது. பச்சை மைப் பேனாவைத் திறந்து கோட்டை இழுத்தார். மனிதர் என்னவானாலும் நேராகத்தான் இழுத்தார்.

தரவரிசைப் பட்டியல் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு எட்டாவது இடம். சேர்க்கை முடிந்ததும் எதுக்கக்கா ஆயிரத்து எண்ணூறு விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்து எண்ணினாள். யாரும் சொல்லவில்லை, மூன்று நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எண்ணினாள். இடது, நூற்று அறுபத்துமூன்று. இரண்டும், ஒன்று. சீட்டை எழுதி, 'பராமரிப்பு அலகு நான்கு' என்று கொட்டை எழுத்தில் விலாசமிட்டு, தபால் அண்ணனை நம்பாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். "பதினோரு வருஷம் சும்மா உக்கார வெச்சிட்டு ஒரே அடியா நூத்தி அறுபத்து மூணா!" என்று தச்சர் சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே பலகைகளை எடுத்து அடுக்கினார்.

மூலச் சான்றிதழ் சரிபார்க்கிற நாளில் அந்தப் பெண் வந்தாள். ஒல்லியாக, தலையை இறுக்கப் பின்னி, மருந்துக்கடைப் பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பதிவேட்டில் பெயரை வலது கையால் எழுதினாள். பேனா மறுகைக்குத் தாவியது. விண்ணப்ப எண்ணை இடது கையால் எழுதினாள். மறுபடியும் தாவியது, கையெழுத்து. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். எதுக்கக்கா எதையும் காதில் வாங்காமல், அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இது வந்துச்சு?"

"ஏழாவது படிக்கறப்போ மாடிப்படியில விழுந்து வலது கை உடைஞ்சு போச்சு மேடம். ஒரு வருஷம் இடது கையிலதான் எழுதினேன். கணக்கு அப்போதான் எனக்கு நல்லா வந்துச்சு. கை சரியானதும் டீச்சர் வலது கையிலதான் எழுதணும்னாங்க. அப்பாவும் அதேதான். சொல்லெல்லாம் திரும்பிடுச்சு, கணக்கு மட்டும் திரும்பல."

"நான் போன்ல அவ்வளவு சொல்லியும் நீ ஒரு டிக்கை அடிக்கவே மாட்டேன்னுட்டியே. சேர்க்கையே போயிருக்கும். அந்த உறுதிமொழிக்கா அவ்வளவு பயம்?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"பயமும்தான். ஆனா அது மட்டும் இல்ல மேடம். இத்தனை வருஷமா எல்லாரும் எந்தக் கையில எழுதணும்னுதான் எனக்குச் சொன்னாங்க. எந்தக் கையில எழுதறேன்னு நீங்க மட்டும்தான் கேட்டீங்க. இவ்வளவு பெரிய எடத்துல நம்ம கையைப் பத்தி ஒருத்தர் கேக்கறாங்களேன்னு இருந்துச்சு. அவங்ககிட்ட போய் எப்படிப் பொய் சொல்றது?" சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று பார்த்தாள். "நான் எழுதினதைப் படிச்சீங்கல்ல மேடம்?"

எதுக்கக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தை இந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவன் படிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"படிச்சோம்மா" என்றாள். "படிச்சோம்."

இந்த வருடத்தைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.